நடுவழியில் நின்ற கார்

நோய் கண்டவுடன் மருந்தைத் தேடி ஓடுவது மனித இயல்பு. நோய் எங்கே தொடங்கியது என்று ஆராய்வதற்குப் பொறுமை வேண்டும். அப்பொறுமை உடலைப் பேணுதற்கு மட்டுமன்றி, இரும்பாலும் பித்தளையாலும் ஆகிய யந்திரங்களைப் பேணுதற்கும் வேண்டப்படுவதே. நல்ல வைத்தியர் நாடி பார்த்து, நா பார்த்து, உண்டது கேட்டு, உறங்கியது கேட்டு, அதன் பின்னரே மருந்து சொல்வார். நடுவழியில் நின்றுவிட்ட பழைய காரின் முன் நிற்கும் நம்மவரோ, முன்மூடியைத் திறந்ததும் திருப்புளியைக் கையில் எடுத்துவிடுகின்றனர்!

தீவுப் பகுதியில் வாழ்வார்க்கு இது சிறு விடயம் அன்று. யாழ்ப்பாணப் பட்டினத்தின் பண்ணைக் கரையிலிருந்து கடலை ஊடறுத்துச் செல்லும் பாதையை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். இருமருங்கும் நீர், ஒதுங்க ஒரு மரநிழல் இல்லை. அப்பாதை அல்லைப்பிட்டி, மண்கும்பான் வழியாக வேலணைத் தீவினுள் சென்று, ஒருபால் ஊர்காவற்றுறைக்கும், மற்றொருபால் மீண்டும் ஒரு கடற்றாம்போதியைக் கடந்து புங்குடுதீவுக்கும் கிளைக்கின்றது. புங்குடுதீவின் மேற்கோரத்திலுள்ள குறிகட்டுவான் துறையிலேதான் நயினாதீவு, நெடுந்தீவு செல்லும் படகுகள் நிற்கின்றன. நெடுந்தீவிலிருந்து நோயாளி ஒருவரைப் படகேற்றிக் கொணர்ந்து, துறையில் ஒரு காரில் ஏற்றி, யாழ்ப்பாண வைத்தியசாலைக்கு விரைவோர் உளர். அந்தக் கார் தாம்போதியின் நடுவில் இருமி இருமி நின்றுவிட்டால், கார்ச் சாரதியின் வாடகை மட்டுமா போகிறது?

ஆதலின், பழைய காருக்கு எண்ணெய் போகும் வழியில் உண்டாகும் நோய்களை எவ்வாறு ஒழுங்குமுறையாகக் கண்டறிவது என்பதை இங்கு ஆராய்வோம். இது மெக்கானிக்குகளுக்கு மட்டும் உரிய மறைபொருள் அன்று; கண்ணும் காதும் மூக்கும் உடைய எவர்க்கும் உரியதே.

பழைய கார்களின் பரம்பரை

குடாநாட்டின் பழைய கார்களைப் பற்றிக் கேள்விப்படாதவர் இலங்கையில் இலர். ஒஸ்ரின் ஏ 40 வகையில் டெவன் என்பது 1947 முதல் 1952 வரையும், அதனை அடுத்து வந்த சோமசெற் 1954 வரையும் இங்கிலாந்திலே செய்யப்பட்டன. அவற்றின் பின் கேம்பிரிட்ஜ் வகைகள் வந்தன. மொறிஸ் மைனர் 1948இல் தொடங்கி 1971 வரை செய்யப்பட்டது. மொறிஸ் ஒக்ஸ்போட்டின் வார்ப்பிலே இந்தியாவில் உருவான அம்பாசடர் 2014 வரையும் செய்யப்பட்டு வந்தது. பிறந்த நாட்டிலே காட்சிச்சாலைப் பொருளாய்விட்ட இவ்வண்டிகளுட் பல, எங்கள் ஊர்களில் அண்மைக்காலம் வரையும் வாடகைக்கு ஓடின. இன்றும் சில ஓடுகின்றன. கலியாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையைச் சுமக்கும் பேறும் இவற்றிற்கு இன்னமும் இருக்கின்றது.

இவற்றின் எஞ்சின்களில் கணினி இல்லை. தன் நோயைத் தானே எழுத்திற் காட்டும் விளக்கும் இல்லை. காற்றையும் பெற்றோலையும் கலந்து கொடுக்கும் காபரேற்றர் என்னும் சிறு பாத்திரமே இவற்றின் அடுக்களை. எண்ணெய் வராத போதெல்லாம் பழி அந்த அடுக்களையின் மேலேயே விழுகின்றது. உண்மையில் அடுக்களைக்கு அரிசி வந்து சேராதபோது, சமைப்பவரை ஏசி என்ன பயன்?

எண்ணெய் நடக்கும் வழி

பின்புறத்துத் தாங்கியிலே பெற்றோல் இருக்கின்றது. அங்கிருந்து வண்டியின் அடியிலே ஒரு மெல்லிய குழாய் வழியாக முன்னே வருகின்றது. இழுத்து வருவது பம்பு. பம்பினின்றும் வலைவடியைக் கடந்து காபரேற்றரின் மிதவை அறையுள் நுழைகின்றது. அங்கே பித்தளை மிதவை ஒன்று நீர்மட்டத்தோடு ஏறி இறங்கி, ஒரு சிறிய ஊசியால் வாயிலை மூடியும் திறந்தும் அளவு காக்கின்றது. நம் வீட்டு மேற்றாங்கியிலே பந்து மிதந்து தண்ணீரை நிறுத்துவதும் இதே முறையிற்றான். மிதவை அறையிலிருந்து ஜெற் என்னும் நுண்துளை வழியே பெற்றோல் தெறித்து, உள்ளே பாயும் காற்றோடு கலந்து எஞ்சினை அடைகின்றது.

பெற்றோல் ஏன் தெறிக்கின்றது? குழாயின் ஒடுங்கிய கழுத்திலே காற்று விரைந்து செல்லும். விரைந்து செல்லுமிடத்து அதன் அமுக்கம் குறையும். 1738இல் தாம் வெளியிட்ட நூலிலே பெர்ணூலி என்னும் சுவிற்சர்லாந்து அறிஞர் விளக்கிய தத்துவம் இது. அமுக்கம் குறைந்த இடத்தை நோக்கிப் பெற்றோல் தானாகவே எழுகின்றது. வகுப்பிலே கரும்பலகையில் எழுதும்போது மாணவர்க்குக் கொட்டாவி வருவிக்கும் இத்தத்துவம், காரின் முன்மூடியின் கீழே உயிர்பெற்று நிற்பதைக் காட்டினால் அவர் கண்கள் விரியக் காணலாம்.

ஒரு கிலோகிராம் பெற்றோல் செம்மையாய் எரிய ஏறக்குறைய 15 கிலோகிராம் காற்று வேண்டும். ஒரு லீற்றர் பெற்றோலின் நிறை முக்காற் கிலோகிராம் அளவே. அதற்கு வேண்டிய காற்றோ 9,000 லீற்றருக்கு மேற்பட்டது! இவ்வளவு காற்றுக்கு அவ்வளவு சிறு பெற்றோலை அளந்து கொடுக்கும் துளையில் ஒரு மணற்பொடி இருந்தாலும் அளவு கெடும் என்பதை விளக்கவும் வேண்டுமோ?

முதற் கேள்வி: தீயா, எண்ணெயா?

கார் நின்றவுடன் கேட்க வேண்டிய முதற் கேள்வி இது. எஞ்சினுக்குத் தீப்பொறி இல்லையா, அன்றி எண்ணெய் இல்லையா? ஸ்ராட்டரைச் சில முறை இயக்கிய பின் ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்க்க. அதன் முனை பெற்றோலால் நனைந்திருப்பின், எண்ணெய் வந்து சேர்கின்றது என்பது உறுதி. குற்றம் தீப்பொறியில் இருக்கலாம், அன்றி எண்ணெய் அளவுக்கு மிஞ்சி வந்து மூழ்கடித்திருக்கலாம். முனை உலர்ந்து கிடப்பின், எண்ணெய் வழியிலே எங்கோ தடைப்பட்டிருக்கின்றது. இந்த ஒரு சோதனை, வேலையைப் பாதியாக்கிவிடும்.

கார் நின்றுவிடாமல் தள்ளாடி ஓடுமாயின் வேறொரு சோதனை உண்டு. காற்றைக் குறைத்து எண்ணெயை மிகுவிக்கும் சோக்கைச் சற்றே இழுத்துப் பார்க்க. இழுத்ததும் ஓட்டம் திருந்துமாயின், எஞ்சின் பட்டினி கிடக்கின்றது. இழுத்ததும் மேலும் கெட்டுப் புகை கறுக்குமாயின், அது உண்டது செரியாமல் வருந்துகின்றது. பட்டினிக்கும் அசீரணத்துக்கும் மருந்து ஒன்றாகுமா?

தாங்கியும் ரின்பாலும்

பட்டினி என்று கண்டால், எண்ணெய் நடக்கும் வழியிலே நாமும் தாங்கியிலிருந்து நடந்து வருதல் வேண்டும். காபரேற்றரிலிருந்து பின்னோக்கிச் செல்வது, முடிவிலிருந்து கதை படிப்பதை ஒக்கும்.

ஒருமுறை மண்கும்பானுக்கு அருகே தெருவோரத்தில் ஒரு பழைய ஒஸ்ரின் நின்றது. சாரதி முதியவர், உடனிருந்தவர் தொழில் பழகும் இளைஞர். இளைஞர் திருப்புளியோடு காபரேற்றர்மேற் குனிந்தார்.

“தம்பி, அதிலை கை வையாதை. முதல்லை தாங்கி மூடியைத் திற பாப்பம்.”

“ஏன் அண்ணை, காபரேற்றர் தானே அடைச்சிருக்கு?”

“அடைச்சிருக்கெண்டு உனக்கு ஆர் சொன்னது? அது சொன்னதோ, நீ சொல்லுறியோ?”

மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்று காற்று உள்ளே புகும் ஒலி கேட்டது. சிறிது நேரத்திலே கார் புறப்பட்டுவிட்டது. மந்திரமோ மாயமோ அன்று. ரின்பாலின் மூடியிலே ஒரு துளை மாத்திரம் இட்டால் பால் ஒழுகாது. எதிர்ப்புறத்திலும் ஒரு துளை இட்டால் ஒழுகும் என்பதை எங்கள் வீட்டுப் பெண்கள் யாவரும் அறிவர். தாங்கியினின்றும் பெற்றோல் வெளியேற, அந்த இடத்தை நிரப்பக் காற்று உட்செல்ல வேண்டும். அதற்கென மூடியிலோ தாங்கியிலோ ஒரு சிறு துளை உண்டு. புழுதியும் துருவும் அதை அடைத்துவிட்டால், சில மைல் ஓடியபின் தாங்கியுள் வெற்றிடம் உண்டாகிப் பம்பு இழுக்க முடியாது திணறும். தன் மூடியைத் தொலைத்துவிட்டு வேறொரு காற்றுப்புகா மூடியை இறுக்கி வைத்திருக்கும் கார்களிலே இந்நோய் பெரும்பாலும் காணப்படும்.

சில தூரம் ஓடி நின்று, பத்து நிமிடம் ஓய்ந்தபின் தானாகவே புறப்பட்டு, மீண்டும் நிற்கும் காருக்கு இன்னொரு காரணமும் உண்டு. தாங்கியின் அடியிற் படிந்த துரு, ஓட்டத்தின் இழுப்பில் வந்து குழாய் வாயை மூடும். நின்றதும் இழுப்பு நீங்கி விலகிவிடும். பம்புப் பக்கத்திலே குழாயைக் கழற்றிச் சைக்கிள் பம்பினாற் பின்னோக்கிக் காற்றடித்தால் தாங்கியுள் ‘களகள’ என்று குமிழி எழும் ஒலி கேட்க வேண்டும். கேட்டால் வழி திறந்துவிட்டது. எனினும் இது இடைக்கால மருந்தே. தாங்கியை இறக்கிக் கழுவினாலன்றி நோய் மீளும்.

உப்புக்காற்று உலாவும் தீவுகளிலே தாங்கி துருப்பிடிப்பது வியப்பன்று. பாதி வெறுமையாய்க் கிடக்கும் தாங்கியுள் ஈரக்காற்று நுழைந்து இரவிலே நீராய்ப் படியும். நீர் பெற்றோலிலும் கனமானது. ஆதலின் அடியிலே தங்கித் துருவை வளர்க்கும். வாடைக்காற்று மாரி மழையைக் கொணரும் மாதங்களில், காரைக் குறைந்த எண்ணெயோடு நாட்கணக்கில் நிறுத்தாதிருத்தல் நன்று. மிதவை அறையின் அடியிற் கண்ணாடி மணிபோல் உருளும் துளிகளைக் கண்டால் அவை நீரென்று அறிக.

2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியை மறந்தவர் இலர். ஜூன் மாத இறுதியிலே அத்தியாவசியச் சேவைகள் அல்லாதார்க்கு எண்ணெய் விற்பனை நிறுத்தப்பட்டது. பின்னர் வாரப் பங்கு முறை வந்தது. இத்தகைய காலங்களில் அடித்தாங்கி மண்டியோடு ஓடிய வண்டிகளும், ஓடாமலே நின்ற வண்டிகளும் ஒருங்கே நோயுறும். நெடுநாள் நின்ற பெற்றோலிலே இலகுவான பகுதி ஆவியாகிப் போக, எஞ்சியது பிசினாகித் துளைகளிற் படிகின்றது. அதன் வாசனையே வேறு. பெற்றோலின் கூர்மை நீங்கி, பழைய வாணிசின் நெடி வீசும்.

பம்பின் மொழி

தாங்கியும் குழாயும் நன்றாயின் அடுத்தது பம்பு. இது இருவகை. ஒஸ்ரின் ஏ 40 போன்ற வண்டிகளிலே எஞ்சினின் சுழற்சியாலே தள்ளப்படும் பம்பு உண்டு. மொறிஸ் மைனரிலோ பற்றரியின் மின்சாரத்தால் இயங்கும் எஸ். யு. பம்பு.

முதல்வகையைச் சோதிக்க, தீப்பொறி எழாதவண்ணம் கொயிலின் இணைப்பைக் கழற்றிவிட்டு, காபரேற்றரிற் சேரும் குழாயை அவிழ்த்து, அதன் முனையை ஒரு போத்தலுள் விட்டு எஞ்சினைச் சுழற்றுக. விட்டுவிட்டு, ஆனால் வலுவோடு, பெற்றோல் பாய வேண்டும். சொட்டுச் சொட்டாக வருமாயின் வலைவடி அடைபட்டிருக்கலாம். அன்றி, உள்ளே அசைந்து இழுக்கும் டயபிறம் என்னும் மெல்லிய தகடு கிழிந்திருக்கலாம். கிழிந்ததற்கு இரண்டு சாட்சிகள் உண்டு. பம்பின் உடலிலுள்ள சிறு துளையாற் பெற்றோல் கசியும். அல்லது, எஞ்சின் ஒயிலின் மட்டம் குறைவதற்குப் பதிலாக உயர்ந்து, ஒயிலிலே பெற்றோல் மணக்கும். ஒயில் கூடுகின்றதே என்று மகிழ்வோர் உளர். பெற்றோல் கலந்த ஒயில் தன் வழவழப்பை இழந்து எஞ்சினையே தின்றுவிடும் என்பதை அவர் அறியார்.

எஸ். யு. பம்போ பேசும் இயல்புடையது. சாவியைத் திருப்பியதும் ‘டிக் டிக்’ என்று விரைந்து தட்டி, மிதவை அறை நிரம்பியதும் மௌனமாகுமாயின் அது நலத்தோடிருக்கின்றது. ஓயாமல் விரைந்து தட்டுமாயின், தாங்கி வெறுமை. அன்றி இழுகுழாயில் எங்கோ காற்றுப் புகுகின்றது. ஒலியே எழாவிடின் மின்னிணைப்பையும், உள்ளேயுள்ள தொடுமுனைகளையும் பார்க்க. திருப்புளியின் பிடியால் மெல்லத் தட்டியதும் உயிர்பெறுமாயின் தொடுமுனைகள் கருகியுள்ளன. வீடு சேர்ந்ததும் அவற்றைத் துப்புரவு செய்தல் வேண்டும். எஞ்சின் ஓடாதபோதும் இடையிடையே ஒரு ‘டிக்’ கேட்டால், பெற்றோல் எங்கோ கசிகின்றது; பெரும்பாலும் மிதவை ஊசியின் வாயிலாகவே.

அடுப்பூசி வேண்டா

பம்பு வரையும் குற்றம் இல்லை என்று கண்டபின்னரே காபரேற்றரைத் தொடும் உரிமை நமக்குப் பிறக்கின்றது.

கார் மூழ்கி, கரும்புகை கக்கி, பெற்றோல் ஒழுகினால் மிதவையையும் ஊசியையும் நோக்குக. ஊசியின் இருக்கையிலே ஒரு தூசி சிக்கினாலும் வாயில் மூடாது. மிதவையை எடுத்துக் காதருகே ஆட்டினால் உள்ளே நீர் குலுங்கும் ஒலி கேட்குமாயின் அது ஓட்டை. சுடுநீரில் அமிழ்த்தினாற் குமிழி எழுந்து ஓட்டையின் இடத்தைக் காட்டிவிடும். ஆயின், உள்ளிருக்கும் பெற்றோல் முற்றாக நீங்குமுன் ஈயம் ஒட்ட நெருப்பருகே கொண்டு செல்லற்க. உயிருக்கே தீங்காய் முடியும்.

நிற்கும்போது நடுங்கி, ஓடும்போது நன்றாயிருப்பின், மெல்லோட்டத்துக்குரிய சிறு ஜெற் அடைபட்டிருக்கலாம். மெல்ல ஓடும்போது நன்றாயிருந்து, சுமையேற்றி விரையும்போது திணறிக் காபரேற்றர் வாயால் இருமுமாயின், பெரிய ஜெற்றையோ எண்ணெய்வரத்தின் குறைவையோ ஐயுறுக. எஸ். யு. காபரேற்றரிலே மேலும் ஒரு சோதனை எளிது. அதன் உள்ளேறி இறங்கும் பிஸ்ரனை விரலால் உயர்த்தி விடுக. தடையின்றி இறங்கி ‘டக்’ என்று அடியில் அமர வேண்டும். நடுவிலே தங்குமாயின் அழுக்கு ஒட்டியிருக்கின்றது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மண்ணெண்ணெய் அடுப்பு அடைபட்டால் நாம் அடுப்பூசியாற் குத்துகின்றோம். அந்தப் பழக்கத்தை ஜெற்றிலே காட்டல் ஆகாது. அது மென்மையான பித்தளை. அதன் துளை நுட்பமாக அளந்து துளைக்கப்பட்டது. கம்பியாற் குத்தினால் அடைப்பு நீங்கும், அளவும் நீங்கும். அதன்பின் அந்தக் கார் எக்காலமும் மிகையாகக் குடிக்கும். காற்றை ஊதி, பெற்றோலாற் கழுவினாற் போதும். புதிய ஜெற் பக்கத்துக் கடையில் கிடைக்கும் காலம் போய்விட்டது. தேவையற்ற ஒவ்வொரு கழற்றலும், மீண்டும் கிடைத்தற்கரிய ஒரு பொருளைத் தேய்க்கின்றது என்பதை மனத்திற் கொள்க.

வெயிலின் விளையாட்டு

சித்திரை வைகாசி வெயிலில், தாம்போதி வழியே மெல்ல ஊர்ந்த கார், எல்லாம் நன்றாயிருந்தும் நின்றுவிடுவதுண்டு. வெப்பத்தாற் பம்பிலும் குழாயிலும் பெற்றோல் ஆவியாகிவிட, பம்பு திரவத்தை இழுக்காமல் ஆவியையே அமுக்கிக்கொண்டிருக்கும். ஈரத்துணியைப் பம்பின் மேலும் குழாயின் மேலும் சுற்றினால் ஆறியதும் கார் புறப்படும். மூடியைத் திறந்த உடனே குணமானால் அடைபட்ட காற்றுத்துளை. ஆறவிட்ட பின்னரே குணமானால் ஆவித்தடை. ஆனால் சூடேறிய கொயிலும் இவ்வாறே ஆறியபின் வேலை செய்யும். ஆகையால் நின்ற அக்கணத்திலே தீப்பொறியையும் சோதித்தல் அறிவுடைமை. ஒத்த குணங்காட்டும் இரு நோய்களைப் பிரித்தறிவதிலன்றோ வைத்தியத்தின் திறம் விளங்குகின்றது!

மண்ணெண்ணெயில் ஓடிய காலம்

இந்தக் கலையில் எங்கள் நாட்டார் பெற்ற தேர்ச்சிக்கு ஒரு கடுமையான பள்ளிக்கூடம் இருந்தது. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே போர் மீண்டும் மூண்டபின், குடாநாட்டுக்கு எரிபொருள் உள்ளிட்ட பல பொருட்கள் வருவது தடைப்பட்டது. பெற்றோல் மருந்துபோற் சொட்டுக் கணக்கில் விற்கும் பொருளாயிற்று. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட அக்காலத்திலே, பழைய கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றர் வாயிலே பீச்சி எஞ்சினைக் கிளப்புவர். அது சூடேறியதும் மண்ணெண்ணெயே அதன் உணவு.

அது எவ்வாறு இயன்றது? பெற்றோல் உறைகுளிரிலும் தீப்பற்றத்தக்க ஆவியைத் தரும். மண்ணெண்ணெயோ ஏறக்குறைய 38 பாகைச் சென்றிகிரேட்டுக்கு மேலேதான் அத்தகைய ஆவியைத் தரும். குளிர்ந்த எஞ்சினில் அது ஆவியாகாது. சூடான எஞ்சினில் ஆகும். ஆகவே தொடக்கத்துக்குப் பெற்றோல், ஓட்டத்துக்கு மண்ணெண்ணெய். இங்கிலாந்திலே 1940களின் இறுதியில் வந்த பெர்குசன் உழவு யந்திரங்களில் ஒருவகை, இதே முறையிற் பெற்றோலிற் கிளம்பி மண்ணெண்ணெயை ஒத்த ஓர் எண்ணெயில் உழுவதற்கென்றே செய்யப்பட்டது. பிரித்தானியாவிலே போர்க்காலம் தொட்டு 1953 வரையும் தரங்குறைந்த ஒரே வகைப் பெற்றோலே விற்கப்பட்டமையால், அக்காலத்துக் கார்களின் எஞ்சின்களும் அமுக்கங் குறைந்தவையாக அமைந்தன. தரங்குறைந்த எண்ணெயையும் பொறுத்துக்கொள்ளும் அந்த இயல்பே, நாற்பது ஆண்டுகளின் பின் வேறொரு போரில் எங்களுக்குக் கைகொடுத்தது.

அதற்கு விலையும் கொடுத்தோம். முற்றாக எரியாத மண்ணெண்ணெய் உருளைச் சுவரால் வழிந்து ஒயிலோடு கலந்தது. பிளக்குகள் கரிபிடித்தன. வால்வுகள் தேய்ந்தன. ஆயினும் அந்த நாட்களிலே, நோயாளியைச் சுமந்து செல்லும் காரின் சாரதி, எஞ்சினின் ஒவ்வொரு இருமலுக்கும் பொருள் அறிந்திருந்தார். அறியாதவர் வழியில் நின்றார். ஒரு துளி பெற்றோலை வீணாக்காது நோயைக் கண்டறியும் ஒழுங்கு அக்காலத்தின் தேவையாற் பிறந்தது. தடைகள் 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தக் காலத்தில் நீங்கின. அக்கல்வியும் அதனோடு நீங்கிவிடல் வேண்டுமா?

தீயோடு விளையாடற்க

இச்சோதனைகளைச் செய்வோர் மறக்கலாகாதவை சில உண்டு. எண்ணெய்க் குழாயை அவிழ்க்குமுன் எஞ்சின் ஆறட்டும். பீடி, சுருட்டு, விளக்கு எதுவும் அருகே வரலாகாது. பெற்றோலின் ஆவி காற்றிலும் கனமானது. தரையோடு படர்ந்து தொலைவிலுள்ள நெருப்பையும் எட்டும். தீப்பற்றினால் நீர் ஊற்றற்க. பெற்றோல் நீரின்மேல் மிதந்து தீயைப் பரப்பும். மணலை அள்ளி எறிக, அன்றி ஈரச் சாக்கினால் மூடுக.

குழாயை வாயில் வைத்து எண்ணெயை உறிஞ்சும் வழக்கம் மிகக் கொடியது. சிறிதளவு பெற்றோலோ மண்ணெண்ணெயோ நுரையீரலுள் புகுந்தாலும் கடுஞ் சுவாசநோயை உண்டாக்கும். தவறி விழுங்கியவரை வாந்தியெடுக்கச் செய்தல் கூடாது. மேலெழும் எண்ணெய் மூச்சுக்குழலுட் செல்லும். உடனே வைத்தியரிடம் கொண்டு செல்க. குடிதண்ணீர்ப் போத்தலிலோ சோடாப் போத்தலிலோ இவ்வெண்ணெய்களை வைத்தலும் ஆகாது. வீட்டிலே குழந்தைகள் இருக்கின்றனர்.

கற்பித்துச் செல்வோம்

இன்று வரும் கார்களிலே காபரேற்றர் இல்லை. மின்னால் இயங்கும் தெளிகருவிகள் அதன் இடத்தைப் பிடித்துவிட்டன. குற்றத்தை அறிய ஒரு கருவியைப் பொருத்தினாற் போதும்; இலக்கத்திலே விடை வரும். அது நல்லதே. பழைய கராச்சுகளிலே கைபழகிய முதியவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெறுகின்றனர். அவருள் மிகப்பலர் தாம் அறிந்ததை எழுதி வைத்தவரல்லர். அவர்க்கு உதவியாய் நிற்கும் பிள்ளைகளும், திருகியதைக் காண்கின்றனரேயன்றி, திருகுமுன் அவர் காதாற் கேட்டதையும் மூக்கால் மோந்ததையும் காண்பதில்லை. கேட்டு எழுதிவைக்கும் ஓர் இளைஞரேனும் ஊருக்கு ஒருவர் இருப்பின், அக்கல்வி அழியாது.

அதற்கிடையில், காலையிலே தாம்போதி கடந்து செல்லவிருக்கும் பழைய காரின் சொந்தக்காரர் மூன்றைச் செய்யட்டும். தாங்கி மூடியைத் திறந்து அதன் காற்றுத்துளை தெளிவாயிருக்கின்றதா என்று பார்க்கட்டும். ஒயிற்கோலை இழுத்து மட்டத்தைக் கண்டு, மணத்தையும் மோந்து பார்க்கட்டும். எஞ்சினை நிறுத்திவிட்டுக் காபரேற்றரின் கீழே விரலை வைத்து ஈரம் இருக்கின்றதா என்று தடவிப் பார்க்கட்டும். இம்மூன்றுக்கும் சில நிமிடங்களே செல்லும். குறிகட்டுவான் துறையிலே இறங்கி, வெயிலில் நிற்கும் நோயாளிக்கு அச்சில நிமிடங்களின் பெறுமதி தெரியும்.